ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் ஏன் போவதில்லை?

வியாசை மருந்தாளுநர் | திங்கள், இரவு 10:20

வியாசர்பாடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்., வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கத்தில் கே.எம்.சி., அப்புறம் ராயப்பேட்டை, ஓமந்தூரார், 2023-இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. அப்படியும் என் கவுண்டரில் வந்து நிற்பவர்களில் நிறைய பேர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். அது அவர்களுக்கே தெரியும்.

போன வாரம் வந்த ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், தோளில் துண்டு, லோடு ஏற்றும் வேலை. "கேஸ் மாத்திரை ரெண்டு குடும்மா" என்றார். பட்டையாக வாங்குவதில்லை, ரெண்டுதான். கத்தரியால் வெட்டிக் கொடுப்போம், மாத்திரையின் பெயரும் தேதியும் பாதி பட்டையோடு கடையிலேயே நின்றுவிடும். எங்கே பண்ணுகிறது என்று கேட்டேன். உள்ளங்கையை நெஞ்சுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். மூட்டை தூக்கினால் வருகிறதாம், கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போய்விடுகிறதாம். சுகர் இருக்கா என்றேன். "இருக்குன்னாங்க." இது கேஸ் மாதிரி தெரியவில்லை, ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும், இப்போதே ஸ்டான்லிக்குப் போங்கள் என்றேன். அவர் சொன்ன பதில்: "தெரியும்மா. இன்னிக்கு லோடு இருக்கு."

இதைக் கேட்ட பிறகு, 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்டால் கொடுப்பதில்லை. அவர்கள் டாக்டரிடம் போவதில்லை, அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வைத்தியம் தேவை என்று தெரிந்தும் போகாமல் இருந்திருந்தால், காரணத்தை நேராக எழுதுங்கள். பணமா, நேரமா, பயமா, வேறு ஏதாவதா?

அண்ணாநகர் வாசகன் | திங்கள், இரவு 11:05

கோபப்படாமல் படியுங்கள். இதற்கு மேல் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸும் இலவசம்.

2014-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 71-வது சுற்றில், உடம்பு சரியில்லாமல் இருந்தும் வைத்தியம் பார்க்காதவர்களிடம் காரணம் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது 'நோய் பெரிதாகத் தெரியவில்லை' என்பது. பணமில்லை என்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. டாஸ்மாக் வரிசையில் நிற்க நேரம் இருப்பவருக்கு ஓ.பி. வரிசையில் நிற்க நேரம் இல்லை என்றால் அதற்கு அலட்சியம் என்றுதான் பெயர்.

ரங்கநாதன் தெரு சேல்ஸ் | செவ்வாய், காலை 6:50

நான் குடிப்பதில்லை சார், அலட்சியமும் இல்லை. தி.நகரில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. எனக்கு நரம்புச் சுருட்டல். முழங்காலுக்குக் கீழே பச்சையாகப் புடைத்து நிற்கிறது. இப்போது கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, ராத்திரியில் அரிப்பு தாங்க முடியவில்லை. அடுத்தது புண்தான் என்று எனக்குத் தெரியும். எங்கள் கடையில் வேலை பார்த்த அக்கா ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

2021-இல் கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் மாடியிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கஸ்டமர் இருக்கும்போது உட்கார முடியாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று கஸ்டமர் இல்லாத நேரம் எது?

ஏன் போகவில்லை என்றால், அது ஒரு நாளில் முடியும் காரியம் இல்லை. முதலில் ஓ.பி. சீட்டு, அங்கிருந்து சர்ஜரிக்கு அனுப்புவார்கள். சர்ஜரி டாக்டர் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எழுதுவார். ஸ்கேனுக்கு வேறு தேதி. அந்த ரிப்போர்ட்டைக் காட்ட மறுபடி ஒரு நாள். எல்லாமே காலை நேரம். வார விடுமுறை தவிர எந்த நாள் நின்றாலும் அந்த நாள் சம்பளமும் போகும், மாதக் கடைசியில் இன்சென்டிவும் போகும். வார விடுமுறையில்தான் ரேஷன், துணி, பிள்ளையின் ஸ்கூல் எல்லாம். டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் அதற்கு எத்தனை நாள் என்ற பயம் வேறு. அதனால் போகாமலே இருக்கிறேன்.

மீட்டர் ஆட்டோ | செவ்வாய், காலை 7:30

சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு. எங்களுக்கு வண்டி ஓடவில்லை என்றால் அன்று வருமானம் பூஜ்யம், ஆனால் டியூ கட்ட வேண்டியது அப்படியே நிற்கும்.

காப்பீட்டு அட்டை பற்றி ஒரு விஷயம். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். சென்னையில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போனால் அதைத் தாண்டிவிடும், ஆனால் அந்தக் காசில் வாடகை கொடுத்து மிஞ்சுவது ஒன்றும் இல்லை. ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு வேண்டுமென்றால் முதலாளி என்று ஒருவர் இருக்க வேண்டும். எனக்கு முதலாளி கிடையாது. நான் எந்தப் பட்டியலிலும் வராதவன்.

பாரிமுனை சங்கத்தார் | செவ்வாய், காலை 9:15

ரங்கநாதன் தெரு தோழிக்கு: சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு உண்டு. உங்களிடமிருந்து 0.75 சதவீதம், நிர்வாகத்திடமிருந்து 3.25 சதவீதம் போகும். பிடித்தம் இருந்தால் அயனாவரம், கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உங்களுக்காகத்தான் இருக்கின்றன. நரம்புச் சுருட்டல் (வெரிகோஸ்) ஆபரேஷனுக்குப் படுக்க வேண்டி வந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. அந்தந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

அதிலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். நோய்க்கால உதவி முதல் 2 நாளுக்குக் கிடையாது. படுத்துவிட்டவருக்கு உதவும். ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாக அலைபவருக்கு ஒரு ரூபாய் வராது. சங்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வியாதி முற்றுவதற்கு முன்னால் போகிறவரைத்தான் இந்த விதி தண்டிக்கிறது.

டியூட்டி டாக்டர் | செவ்வாய், இரவு 9:40

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எது என்று எழுத வேண்டாம்.

அண்ணாநகர் நண்பர் சொன்ன கணக்கெடுப்பு சரி. ஆனால் 'பெரிதாகத் தெரியவில்லை' என்ற பதிலை அலட்சியம் என்று மொழிபெயர்த்துவிட்டால் எங்கள் வார்டில் நடப்பது புரியாது. பி.பி.க்கு அறிகுறியே இருக்காது. சுகர் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். ஒருவர் வந்தார், பாதத்தில் மஞ்சள் பத்து போட்டு, வேட்டித் துணி சுற்றி, அதன் மேல் மழைக்கு பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தார். பிரித்தால் செருப்பிலிருந்து ஏறிய ஆணி, உள்ளேயே இருந்தது. அதோடுதான் நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லை. வலிக்காத காலுக்காக எந்தக் கூலித் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை விடுவார்? வலி வந்திருந்தால் வந்திருப்பார், விரலும் தப்பியிருக்கும்.

பக்கவாதம் இன்னும் மோசம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணுகிறது, கை மரத்துப்போகிறது, வலி இல்லை. 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று படுக்க வைக்கிறார்கள். விடிந்து வரும்போது ஊசிக்கு நேரம் தாண்டியிருக்கும்.

வியாசை சகோதரிக்கு: அந்த லோடுமேன் போனாரா? வேலை செய்தால் வந்து, உட்கார்ந்தால் அடங்கும் நெஞ்சு எரிச்சலை இதயம் என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். ஓய்வில் இருக்கும்போதே வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஓ.பி. நேரமெல்லாம் பார்க்க வேண்டாம், 108, நேராக எமர்ஜென்சி.

வியாசை மருந்தாளுநர் | செவ்வாய், இரவு 10:10

அவர் அப்புறம் வரவில்லை டாக்டர். அவர் டீ குடிக்கும் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக்கைத் தினமும் ஒன்று என்று வாங்கிப்போகும் அம்மாக்கள் எங்கள் ஏரியாவில் நிறைய. கிட்னிக்கு ஆகாது, பி.பி. ஏறும் என்று சொன்னால், "இது போட்டாதான் நாலு வீட்டு வேலைக்குப் போக முடியும்" என்கிறார்கள். வேலைக்குப் போவதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், போகாவிட்டால் சாப்பாடு இல்லை. அவர்களிடம் நான் என்ன சொல்வது?

ஓ.எம்.ஆர். பயணி | செவ்வாய், இரவு 11:50

நல்ல சம்பளம், கம்பெனி காப்பீடு, எல்லாம் உள்ளவர்களும் போவதில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். எங்கள் பாலிசி அட்மிஷனுக்குத்தான். ஓ.பி. கன்சல்டேஷன், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் கைக்காசு. தனியார் மருத்துவமனை ஒன்றில் தலைசுற்றலுக்குப் போனால் டாக்டர் பேசியது கொஞ்ச நேரம், எழுதிய டெஸ்ட் ஒரு பக்கம். எது அவசியம், எது அவர்கள் மெஷினுக்காக என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சந்தேகத்தில் ஒன்றையும் எடுக்காமல் திரும்பி வந்தேன். பணம் இருந்தது, நம்பிக்கை இல்லை.

என் குழுவில் ஒரு பெண் ஆறு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, வேலையில் அழுகிறாள். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், அது கம்பெனி பதிவில் வந்துவிடும், அப்ரைசலில் பேச்சு வரும், நாளைக்குத் தனியாக பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ளி வைப்பார்கள் என்று பயப்படுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

பாரிமுனை சங்கத்தார் | புதன், காலை 8:30

அந்தப் பெண்ணிடம் 14416 எண்ணைக் கொடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. முதல் பேச்சுக்கு இது போதும்.

பாலிசி பயத்துக்கு: ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 2024-இல் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மனநோய்க்கும் உடல் நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும். வைத்தியமே பார்க்காமல் இருந்து, படிவத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதுதான் பெரிய ஆபத்து. பின்னால் அதைக் காட்டித்தான் கிளெய்மை நிராகரிப்பார்கள்.

பெரும்பாக்கம் ஏழாவது மாடி | புதன், மதியம் 1:15

நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் இருந்தவர்கள். அம்மாவுக்கு இதய வைத்தியம் ஜி.எச்.சில். அப்போதெல்லாம் நடந்தே போய் வருவார், வழியில் பூ வாங்கிக்கொண்டு வருவார். வீட்டை எடுத்துவிட்டு எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு அதே ஜி.எச்.சுக்குக் காலை ஓ.பி. பிடிக்க வேண்டுமானால் விடியற்காலை இருட்டிலேயே கிளம்ப வேண்டும். பஸ் இலவசம்தான். லிஃப்ட் ஓடாத நாளில் ஏழு மாடி இறங்கி, பஸ் ஸ்டாப் வரை நடந்து, அவ்வளவு தூரம் நின்றுகொண்டே போய், வரிசையில் நின்று, திரும்பி ஏழு மாடி ஏற வேண்டும். இதய நோயாளி.

இங்கேயும் பக்கத்தில் டாக்டர் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் எக்கோ, ஆஞ்சியோ, பழைய நோட்டு எல்லாம் அங்கே. 'அங்கயே காட்டுங்க' என்கிறார்கள்.

அண்ணாநகர் சார் சொன்னதில் ஒன்று உண்மை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா பி.பி. மாத்திரையை வாசலில் கொடுக்கிறார், அந்த மாத்திரையை அம்மா ஒரு நாள் விட்டதில்லை. இதய மாத்திரைதான் அடிக்கடி விட்டுப்போகிறது. ரெண்டுமே இலவசம். ஒன்று வீட்டுக்கு வருகிறது, இன்னொன்றுக்கு ஒரு நாள் பூராவும் கொடுக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மந்தைவெளி ஓய்வூதியர் | புதன், மாலை 5:00

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மனைவிக்கு முழங்கால் முடியாது. எனக்குக் குடலிறக்கம். நின்றால் இறங்கும், படுத்துக் கையால் அழுத்தினால் உள்ளே போகும், பெல்ட் போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். பென்ஷன் வருகிறது, காப்பீடும் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்காங்க?"

கூட யாரும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, கையெழுத்துப் போட ஒருவர், மருந்து வாங்க ஒருவர், ராத்திரி தங்க ஒருவர் என்று நோயாளிக்கு ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணித்தான் எல்லா ஏற்பாடும். பக்கத்து வீட்டுப் பையன் நல்லவன், கேட்டால் வருவான். அவன் லீவு போட வேண்டும். என் பிள்ளைகளிடம் சொன்னால் டிக்கெட் போட்டு ஓடி வருவார்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

டியூட்டி டாக்டர் | புதன், இரவு 8:20

ஐயா, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் அது உள்ளே போகாமல் கெட்டியாக நின்று, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது நடக்கும் ஆபரேஷன் அவசர ஆபரேஷன், உங்கள் வயதில் அதன் ஆபத்து வேறு. இப்போது செய்தால் திட்டமிட்டுச் செய்வது, ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பையனைக் கேளுங்கள் ஐயா. பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் அவர்களுக்கு இதைவிட வலிக்கும்.

அயனாவரம் மகள் | புதன், இரவு 10:30

எல்லாரும் நேரம், தூரம் என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் காரணம் வேறு.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று பல வருடம் ஆகிறது. மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. எத்தனையோ மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் துணி காயப்போடும்போது பார்த்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்றால், என் தம்பி பிறந்தபோது பிரசவ வார்டில் நாலு பேர் முன்னால் வாங்கிய வசவை இன்றைக்கு நடந்தது போலச் சொல்கிறார். "அப்போ இனிச்சதுல்ல, இப்போ எதுக்குக் கத்துற?" அந்த நர்ஸ் இன்று ஓய்வு பெற்றிருப்பார். அம்மா அந்த வார்த்தையோடு முப்பது வருடமாக இருக்கிறார். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எந்தப் பிரச்சினைக்கும் அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களிடம் தனியாகக் கேட்கிறார்கள்: பெண் டாக்டர் இல்லை என்பது தடையா, தனியாகப் போக வேண்டியிருப்பது தடையா, வீட்டில் அனுமதி வாங்குவது தடையா என்று. 2019–21 சுற்றின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9. நாம் முன்னால் இருக்கிறோம் என்று சந்தோஷப்பட முடியுமா? பத்தில் ஒன்பது பேர் பண்ணவில்லை. அரசு மையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள்.

அம்மாவை ஒருவழியாக மாநகராட்சி மையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த நர்ஸ் முதலில் திரையை இழுத்துவிட்டார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு வேண்டாம்னு தோணினா எப்ப வேணா சொல்லுங்க, நிறுத்திடலாம்" என்றார். அவ்வளவுதான் செய்தார். அம்மா அடுத்த பரிசோதனைக்குத் தானாகவே கிளம்பினார். இப்போது ரேடியேஷன் நடக்கிறது. இன்னும் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், திட்டாமல் சொன்னார்.

டியூட்டி டாக்டர் | வியாழன், காலை 6:15

இதைப் படித்துவிட்டு ராத்திரி பதில் எழுத முடியவில்லை. கூட்டம், தூக்கமின்மை, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்மை. அதில் ஒன்றும் அந்த வார்த்தையை நியாயப்படுத்தாது. 'ஏன் இவ்வளவு நாள் வரலை?' என்ற கேள்வியைக்கூட நாங்கள் கேட்கும் விதத்தில், தாமதமாக வந்தவர் குற்றவாளி போல நிற்கிறார். அவர் வந்துவிட்டார் என்பதுதான் அந்த நேரத்தில் முக்கியம். பயிற்சி டாக்டர்களிடம் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். படிக்கிறவர்கள் வீட்டில் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேளுங்கள்.

அண்ணாநகர் வாசகன் | வியாழன், காலை 10:00

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். குடி பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை, அது எத்தனையோ குடும்பங்களின் மருந்துக் காசைத் தின்கிறது. ஆனால் இங்கே எழுதிய யாருக்கும் அது பொருந்தவில்லை. பெரும்பாக்கத்துக்காரர் சொன்ன ரெண்டு மாத்திரைக் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. திட்டம் இருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்த்தேன். சரி, நேரம்தான் தடை என்றால், அதற்கு என்ன வழி? வெறுமனே குறை சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா?

வியாசை மருந்தாளுநர் | வியாழன், இரவு 10:45

நியாயமான கேள்வி. என் கவுண்டரிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

மருத்துவத்துக்காக மக்கள் கையிலிருந்து போகும் பணம் குறைந்திருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன: மொத்தச் செலவில் 2013–14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021–22-இல் 39.4. நல்ல செய்தி. ஆனால் அந்தக் கணக்கில் லோடு விட்ட நாள் வராது, ஜவுளிக்கடை சகோதரியின் இன்சென்டிவ் வராது, ஐயாவுக்காகப் பக்கத்து வீட்டுப் பையன் போடும் லீவு வராது. இந்த ஊரில் ஏழை வைத்தியத்துக்குக் கொடுக்கும் பெரிய கட்டணம் அந்த நாள்தான். அதை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதால் இலவசம் என்று சொல்லிவிடுகிறோம்.

அதனால் நாளைக் குறைக்கும் எதுவும் உதவும். 2023-இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, அப்புறம் மாலை 4 முதல் 8 வரை. டாக்டர் இருக்கிறார், சுகர், பி.பி. பார்க்கலாம். எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு மாலையில் திறந்திருக்கும் என்பது தெரியாது. பில் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புகிறேன், போகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வாரத்தில் சில நாளாவது மாலை ஓ.பி. வேண்டும். கோயம்பேட்டில் ராத்திரி முழுக்க மூட்டை தூக்குபவருக்குக் காலை எட்டு மணி என்பது தூங்கும் நேரம். டெஸ்ட்டும் ரிப்போர்ட்டும் டாக்டரும் ஒரே நாளில் முடிய வேண்டும். டாக்டர், இதில் எது நடக்கும், எது நடக்காது?

டியூட்டி டாக்டர் | வியாழன், இரவு 11:30

சிலது இன்றைக்கே நடக்கும். சுகருக்கு வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம் என்று அரை நாள் உட்கார வைக்கிறோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.க்குப் பட்டினி தேவையில்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம். ஏற்கெனவே சுகர் உள்ளவர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியாது. நிலையாக இருப்பவருக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதித் தர முடியும்.

மாலை ஓ.பி.க்கு ஆள் வேண்டும். இருக்கும் டாக்டர்களையே காலையும் மாலையும் நிற்க வைத்தால், அயனாவரம் சகோதரியின் அம்மா கேட்ட வார்த்தை மறுபடி யாருக்காவது கேட்கும். புதிதாக ஆள் எடுத்துச் செய்தால் நான் முழு ஆதரவு.

முழங்கால் வலி அம்மாக்களுக்கு: டைக்ளோஃபினாக்குக்குப் பதில் பாராசிட்டமாலும், தொடைத் தசைக்கான பயிற்சியும். வருடத்துக்கு ஒருமுறையாவது கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மாலை மையத்துக்கே அனுப்புங்கள்.

ரங்கநாதன் தெரு சேல்ஸ் | வெள்ளி, காலை 6:40

சங்கத்து அண்ணா, சம்பளச் சீட்டைப் பார்த்தேன். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஐ.பி. எண்ணும் (காப்பீட்டு எண்) போட்டிருக்கிறது. எந்த டிஸ்பென்சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டர், ஸ்கேன் வரைக்கும் நான் என்ன செய்யலாம்?

பாரிமுனை சங்கத்தார் | வெள்ளி, காலை 8:10

அந்த எண்ணையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் கேட்டால் உங்கள் டிஸ்பென்சரியைச் சொல்வார்கள். கடையின் அலுவலகப் பிரிவிலும் கேட்கலாம், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. டிஸ்பென்சரியில் காட்டினால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். ஏதாவது சிக்கல் என்றால் இங்கேயே எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.

டியூட்டி டாக்டர் | வெள்ளி, மதியம் 2:30

வீட்டில் படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள், தலையணை ரெண்டு போதும். நிற்கும்போது குதிகாலை அடிக்கடி ஏற்றி இறக்குங்கள். சொறியாதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இறுக்கமான சாக்ஸ் டாக்டர் அளவு பார்த்துச் சொன்ன பிறகு மட்டும். தோல் கறுத்திருப்பதை மறக்காமல் காட்டுங்கள், அதைப் பார்த்தால் முன்னதாகத் தேதி கிடைக்க வாய்ப்பு உண்டு.

ரங்கநாதன் தெரு சேல்ஸ் | வெள்ளி, இரவு 11:20

செவ்வாய் எனக்கு வார விடுமுறை, அன்றைக்குப் போகிறேன். எங்கள் மாடியில் இன்னும் சிலருக்கு இதே கால், அவர்களிடமும் சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லை. அவர் என்ன செய்வது அண்ணா?